ஓவர்க்ளாக் பண்ணா ஹேங் ஆகுதா? உடனே ப்ராசஸரைத் திட்டாதீங்க

2008-ல இன்டெல் விட்ட பென்டியம் டூயல் கோர் இ5200, அப்பவே கம்மி விலை சிப், ஆனா ஓவர்க்ளாக்குக்கு, அதாவது கம்பெனி வச்ச வேகத்தை விட அதிகமா ஓட்டுறதுக்கு, அருமையா ஒத்துழைக்கும். 2.5 ஜிகாஹெர்ட்ஸ்ல ஓடுறத 3.33-க்கு ஏத்துறோம், விண்டோஸ் வரதுக்குள்ள ப்ளூ ஸ்க்ரீன், உடனே பக்கத்துல இருக்கவங்க சொல்றது "சிப் தாங்கல, வோல்டேஜ் ஏத்து". தயவுசெஞ்சு அதை முதல்ல பண்ணாதீங்க.

இந்த சிப்போட வேகம் ரெண்டு நம்பரோட பெருக்கல். எஃப்எஸ்பி க்ளாக் (சிப்பை போர்டோட இணைக்கிற பாதையோட அடிப்படை துடிப்பு) 200 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் (அதை எத்தனை மடங்கு ஆக்கணும்ங்கிற நம்பர்) 12.5. மல்டிப்ளையரை அதுக்கு மேல ஏத்த முடியாது, லாக் பண்ணிருக்காங்க, அதனால எஃப்எஸ்பிய 266 ஆக்குறோம். சிக்கலே இங்கதான், ஏன்னா ராமும் அதே க்ளாக்கை வச்சுதான் ஓடுது. டிடிஆர்2-800 ராமோட நிஜ க்ளாக் 400 (பேர்ல இருக்க 800 அதோட ரெண்டு மடங்கு), அதாவது எஃப்எஸ்பிக்கு ரெண்டு மடங்கு, அதே விகிதத்துல 266 வச்சா ராம் 533-ல ஓடணும், அது டிடிஆர்2-1066 வேகம், சாதாரண ஸ்டிக் எங்க தாங்கும்? பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கிற செட்டிங்ஸ்) ராமை டிடிஆர்2-667-னு மாத்தினாலும், அந்த நம்பர் எஃப்எஸ்பி 200-க்கு போட்டதுங்கிறதால 266-ல டிடிஆர்2-887 வேகம் வருது, டிடிஆர்2-533 ஆப்ஷன் இருந்தா 710 தான், நிம்மதி. அந்த ஆப்ஷன் இல்லாத போர்டுன்னா எஃப்எஸ்பி 240-ல நிறுத்திக்கோங்க, 667 செட்டிங்ல ராம் கரெக்டா 800-ல நிக்கும், ப்ராசஸர் 3 ஜிகாஹெர்ட்ஸ். பழைய மெஷினுக்கு இதுவே நல்ல லாபம்னுதான் நான் சொல்லுவேன்.

சரி, தப்பு யார் மேலன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? மல்டிப்ளையரை ஏத்த முடியாதே தவிர இறக்கலாம், போர்டு விட்டா 9-ன்னு வைங்க. 266 பெருக்கல் 9, 2.4 ஜிகாஹெர்ட்ஸ், கம்பெனி வேகத்தை விட கம்மி. இப்பவும் ஹேங் ஆச்சுன்னா பெரும்பாலும் ப்ராசஸர் மேல பழி போட முடியாது, ராம் இல்லன்னா போர்டு. மெம்டெஸ்ட்86+-ங்கிற ராம் சோதனை ப்ரோக்ராம் போட்டு ராமை பாருங்க, கிராபிக்ஸ் கார்டு மாட்டுற பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையோட க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ்ல லாக் ஆகியிருக்கான்னும் பாருங்க, அது சேர்ந்து ஏறினா கிராபிக்ஸ் கார்டு வரைக்கும் தகராறு பண்ணும்.

இதெல்லாம் பாஸ் ஆகி, 12.5-க்கு திரும்பினா மட்டும் க்ராஷ் ஆகுதுன்னாதான் சிப்போட எல்லை. 2.5 ஜிகாஹெர்ட்ஸ்ல ஒவ்வொரு துடிப்புக்கும் 0.4 நானோசெகண்ட் இருந்துச்சு, 3.33-ல 0.3 தான், அதுக்குள்ள டிரான்சிஸ்டர் வரிசை ஆன் ஆஃப் ஆகி சிக்னல் நிலைக்கு வந்தாகணும், வரலன்னா அடுத்த துடிப்பு தப்பான விடைய எடுத்துக்கும். வோல்டேஜ் கூட்டினா டிரான்சிஸ்டர் சீக்கிரம் மாறும், அதனாலதான் இங்க மட்டும் அது மருந்து. ஆனா டைனமிக் பவர் (டிரான்சிஸ்டர் மாறும்போது செலவாகுற மின்சாரம்) வோல்டேஜோட வர்க்கத்துக்கும் வேகத்துக்கும் ஏத்த மாதிரி கூடும், 1.25-லருந்து 1.35 வோல்ட், கூடவே 3.33 ஜிகாஹெர்ட்ஸ்னு போனா கிட்டத்தட்ட 55 சதவீதம் அதிகம். விலை கம்மியான போர்டுல விஆர்எம் (ப்ராசஸருக்கு வோல்டேஜ் கொடுக்குற பகுதி) மேல ஹீட்சிங்க் இருக்காது, கெப்பாசிட்டரும் வயசாகியிருக்கும், லோடு ஏறின அந்த நொடி வோல்டேஜ் சரிஞ்சு மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். காய்ஞ்ச தெர்மல் பேஸ்ட்டை மாத்துறது வோல்டேஜ் ஏத்துறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை, சூடு எல்லை மீறினா சிப் தானாவே வேகத்தை குறைச்சுக்கும், அப்புறம் ஓவர்க்ளாக் பண்ணி என்ன பிரயோஜனம்.

சும்மா இருக்கும்போது 1.6 ஜிகாஹெர்ட்ஸ் காட்டுனா பயப்படாதீங்க, பவர் மிச்சம் பண்ண மல்டிப்ளையர் 6-க்கு இறங்கிருக்கு, அவ்ளோதான். நிஜமா பயப்பட வேண்டியது ப்ரைம்95 (ப்ராசஸரை விடாம கணக்கு போட வச்சு சோதிக்கிற ப்ரோக்ராம்) ஓடும்போது மெஷின் ஹேங் ஆகாம ரவுண்டிங் எரர்னு ஒரு கோர் மட்டும் நின்னு போறது, ஏன்னா கணக்கு தப்பாகுது ஆனா வெளிய தெரியல, அந்த நிலையில காப்பி பண்ற ஃபைல் கூட சத்தமில்லாம கெட்டுப்போகலாம். அப்படி வந்தா எஃப்எஸ்பிய 5 மெகாஹெர்ட்ஸ் இறக்கிட்டு ராத்திரி முழுக்க திரும்ப ஓட விடுங்க.