தேவாலய வளாகத்து ஈமமேடு: கேடு தொடங்குவது அடிவாரத்தில்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஆக்பர்ன் செயின்ட் ஆண்ட்ரூ என்ற ஊர். அங்குள்ள தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலேயே புல் மூடிய வட்ட மேடு ஒன்று இருக்கிறது. வெண்கலக் காலத்து ஈமமேடு அது; அதாவது, இறந்தவரைப் புதைத்த இடத்தின்மேல் மண் குவித்து எழுப்பிய மேடு. 1885இல் தொல்பொருள் ஆர்வலர் ஹென்றி கன்னிங்டன் அதைத் தோண்டியபோது மேல் அடுக்குகளில் கிறிஸ்தவர் காலத்து எலும்புக்கூடுகளும், இரும்புப் பட்டையடித்த மரப்பெட்டியில் சாக்சன் காலத்து ஆண் ஒருவரும் கிடைத்தனர். அடியில் அவர்களுக்கெல்லாம் மூத்த வெண்கலக் கால ஈமம். இப்படி அடுக்கடுக்கான மேட்டில் ஒரு கம்பக்குழி போட்டாலே பல காலத்துச் சான்றுகள் கலந்துவிடும்.

திருடர்களைவிட, நல்லெண்ணத்தோடு நடக்கும் பராமரிப்பே ஈமமேடுகளுக்குப் பெரிய ஆபத்து என்பேன். இத்தகைய மேட்டுக்கு மண் எடுத்த அகழி பெரும்பாலும் அடிவாரத்தைச் சுற்றியே ஓடும். அது தூர்ந்து புல் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மழைநீர் வடிகால், மின்கம்பி, புதுக் கல்லறை என எல்லாம் "மேட்டைத் தொடவில்லையே" என்ற நினைப்பில் அந்த அகழியைத்தான் வெட்டுகின்றன. பழைய நிலத்தின் நத்தை ஓடுகளும் மகரந்தமும் அகழி மண்ணிலும் தங்கியிருக்கலாம்.

மேட்டில் முளைத்த மரத்தை வேரோடு பிடுங்காதீர்கள். வேருடன் அடுக்குகளும் பெயர்ந்து வரும். தரைமட்டத்தில் அறுத்து, அடிக்கட்டையை அப்படியே மக்க விடுங்கள். பெரிய மரமானால் புயலில் சாய்வதற்குள் முடிவெடுப்பது நல்லது. புல்வெட்டியின் அலகைத் தாழ்த்தினால் உச்சி சுரண்டப்பட்டு மண் வெளியே தெரியும். பிறகு மழை அரித்துவிடும். சருகுகளை மேட்டின்மேல் கொளுத்துவதும் கூடாது. சுண்ணாம்பு நிலத்தில் புல்லின்மேல் புதிதாக வெள்ளைக் கட்டிகள் கிடந்தால், முயல் வளை தோண்டுகிறது என்று அர்த்தம். வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கு என்றால் விஷயம் வேறு; 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளிப்பதால் உரிமம் இல்லாமல் வளையைத் தொட முடியாது.

அரித்த இடத்தை மூட மேட்டு மண்ணையே வழித்துப் போடுவது வழக்கமான தவறு. முதலில் துணிவிரிப்பு, அதன்மேல் வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண், பிறகு புல்தரை. விரிப்பு இருந்தால்தான் நாளை ஆய்பவருக்குப் பழையது எது, புதியது எது என்று பிரித்தறிய முடியும்.

பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பட்டியலிடப்பட்ட மேடென்றால், 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டப்படி பழுதுபார்க்கவும் முன் அனுமதி வேண்டும். உரிமமின்றி உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோவதும் குற்றம். இங்கிலாந்துத் திருச்சபையின் வளாகமானால் மறைமாவட்ட அனுமதியும் தனியாகப் பெற வேண்டும். இரண்டில் ஒன்று கிடைத்ததும் மண்வெட்டியை எடுத்துவிடாதீர்கள்.