நாள் தள்ளிப்போடும் மாத்திரை என்ன செய்கிறது?

பங்குனி பிறந்தால் சத்தி, கோபி, ஈரோடு பக்கத்து மருந்துக் கடைகளில் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை வேகமாக விற்கும். பண்ணாரியில் குண்டம், ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி. பூவோடு (தீச்சட்டி) எடுப்பதாக வேண்டிக்கொண்டவருக்கு நாள் கணக்கு இடிக்கும். "ஏனுங் தம்பி, நோம்பிக்குத் தள்ளிப்போடற மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்றால் போதும், பெரும்பாலும் மறுகேள்வி இல்லை. வீட்டு விலக்கானவர் கோயிலுக்குப் போகக்கூடாதா என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். இந்த மாத்திரை உடம்புக்குள் பார்க்கும் வேலை புரிந்தால், கருத்தடை மாத்திரையும் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சையின் ஊசியும் பாதி புரிந்த மாதிரி.

மாத்திரையில் இருப்பது நோரெதிஸ்டிரோன். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் போல நடந்துகொள்ளும் செயற்கை மருந்து. சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியேறியதும், அது இருந்த இடம் மஞ்சள் நிறத் திசுவாக மாறி ஏறக்குறைய இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோன் சுரக்கும். கருப்பையின் உள்சவ்வு கழலாமல் நிற்பது அதன் தயவில்தான். கரு தங்காவிட்டால் அந்தத் திசு வாடிவிடும், ஹார்மோன் இறங்கும், உள்சவ்வு உதிரத்தோடு வெளியேறும். கரு தங்கினால் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து அந்தத் திசுவை வாடவிடாமல் வைத்துக்கொள்ளும். வீட்டில் சிறுநீரைச் சொட்டிப் பார்க்கும் பரிசோதனை அட்டையில் கோடு விழுவது இந்த எச்.சி.ஜி.க்குத்தான்.

ஆக, உடம்பின் சொந்த புரோஜெஸ்டிரோன் இறங்கும் நேரத்தில் மாத்திரை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழக்கமாக நாள் வருவதற்கு 3 நாள் முன்பே தொடங்கி, 5 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் மூன்று வேளை போடச் சொல்வார்கள். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உதிரப்போக்கு வந்துவிடும். நோம்பிக்கு முதல் நாள் கடைக்கு ஓடிப் பயனில்லை. இப்படிப் போடுவது கருத்தடையும் ஆகாது, ஏனென்றால் முட்டை எப்போதோ வெளியேறிவிட்டது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. ஒரு கேள்வியும் கேட்காமல் அட்டையை நீட்டும் கடைகள் மேல் எனக்கு உள்ள வருத்தமும் அதுதான்.

அப்புறம், இதற்கெல்லாம் மேலே மூளையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போல விட்டுவிட்டு ஒரு ஹார்மோனை அனுப்பும். அதைக் கேட்டுப் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டை ரத்தத்தில் விடும். எஃப்.எஸ்.எச். சினைப்பைக்குள் முட்டை இருக்கும் சிறு பையை வளர்க்கும், வளரும் பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். அந்த ஈஸ்ட்ரோஜன் திரும்பிப் போய் மூளையிடம் 'போதும்' என்று சொல்லும். மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவை நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு, ஏறக்குறைய அதே ஏற்பாடு. ஒரே இடத்தில் மட்டும் இந்த உவமை உடைகிறது. ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போய் இரண்டு நாள் போல அங்கேயே நின்றால் மோட்டார் நிற்பதற்குப் பதிலாக முழு வேகத்தில் ஓடும். எல்.எச். ஒரேயடியாகப் பொங்கும், அது தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும்.

கருத்தடை மாத்திரை செய்வதெல்லாம் 'போதும்' என்ற செய்தியை நாள் தவறாமல் அனுப்புவதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. 21இல் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் செயற்கை வடிவில் உள்ளன, மீதி 7 வெறும் இரும்புச்சத்து. மூளை எஃப்.எஸ்.எச்.சைக் குறைத்துவிடும், முட்டை முதிராது. கடைசி 7 நாளில் வரும் உதிரப்போக்கு உண்மையில் மாதவிடாய் அல்ல, ஹார்மோன் நின்றதால் வருவது.

ஈரோட்டிலும் கோவையிலும் உள்ள கருத்தரிப்பு மையங்கள் இதே கம்பியை எதிர்ப்பக்கமிருந்து இழுக்கின்றன. வழக்கமாக மாதத்துக்கு ஒரு முட்டைதான் முழுதாக முதிரும். எஃப்.எஸ்.எச்.சை ஊசியாக நேரே கொடுத்தால் மூளையின் 'போதும்' எடுபடாது, பல முட்டைகள் சேர்ந்து வளரும். இந்த ஊசி பிறந்த கதை சுவையானது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 'போதும்' சொல்ல ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் எஃப்.எஸ்.எச். மிக அதிகமாகச் சுரந்து சிறுநீரில் போய்விடும். இத்தாலியில் வயதான கன்னியாஸ்திரீகளின் சிறுநீரைச் சேகரித்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மருந்தால் முதல் குழந்தை 1962இல் இஸ்ரேலில் பிறந்தது. சிறுநீரிலிருந்து எடுக்கும் அந்த வகை ஊசி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

முட்டைகள் வளரும்போது எல்.எச். முந்திப் பொங்கினால் உழைப்பெல்லாம் வீண். அதனால் அதைத் தடுக்க இன்னோர் ஊசி. கடைசியாக எச்.சி.ஜி. ஊசி, எல்.எச். பொங்கியதாகச் சினைப்பையை நம்பவைக்க. ராத்திரி சரியாக 10 மணிக்குப் போடச் சொன்னால் 10 மணிதான். மறுநாள் விட்டு அடுத்த நாள் காலை, முட்டைகள் தாமாக வெளியேறும் முன்பே அவற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். வெளியே உருவாக்கிய கருவைக் கருப்பைக்குள் வைக்கும்போது மறுபடி புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ ஊசியோ தருவார்கள், உள்சவ்வைத் தாங்கிப் பிடிக்க.

இதெல்லாம் பெண்ணின் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஆண்களுக்கும் அதே பிட்யூட்டரி, அதே எஃப்.எஸ்.எச்., எல்.எச். உடம்பு ஏற்றுவதற்காக ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால், மூளை 'போதும்' என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் நிறுத்திவிடும். தோள் அகலும், விந்தணு எண்ணிக்கை சரியும், சிலருக்குப் பூஜ்ஜியமே ஆகும். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும் என்பதால், ஊசியை நிறுத்தினாலும் எண்ணிக்கை பழையபடி வரப் பல மாதங்கள் பிடிக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும். கருத்தரிப்பு மையத்துக்குப் போகும் கணவன்மார் அந்த ஊசியைப் பற்றி முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட்டால், மனைவிக்குத் தேவையில்லாமல் ஏறும் சில ஊசிகள் மிச்சமாகலாம்.