ஸ்காட்ஸ்பரோ: பெயருக்கு நடந்த விசாரணை

நிறவெறி தீர்ப்பில்தான் வெளிப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். குற்றவியல் வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது அதற்கு வெகு முன்பே, வக்கீலை நியமிக்கும் நாளிலேயே நீதிமன்றத்துக்குள் வந்துவிடுகிறது. புதிதாக வரும் ஜூனியர்களிடம் ஸ்காட்ஸ்பரோ வழக்கைப் படிக்கச் சொல்வது அதனால்தான்.

1931 மார்ச் 25. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், சரக்கு ரயிலில் ஏறிப் போய்க்கொண்டிருந்த கறுப்பின, வெள்ளையின இளைஞர்களுக்குள் கைகலப்பு. பெயிண்ட் ராக் என்ற ஊரில் ரயிலை மறித்து ஒன்பது கறுப்பினப் பையன்களைப் பிடித்தார்கள். ரயிலில் இருந்த இரண்டு வெள்ளைப் பெண்கள் இவர்கள்மீது பாலியல் வன்கொடுமைப் புகார் சொன்னார்கள். ஏப்ரல் 6-இல் ஸ்காட்ஸ்பரோவில் விசாரணை தொடங்கியது. 9-ஆம் தேதிக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை!

வக்கீல் இல்லாமலா நடந்தது? இருந்தார்கள். முதலில் ஊரில் இருந்த வழக்கறிஞர்கள் அத்தனை பேரையும் நீதிபதி மொத்தமாக நியமித்தார். ஒருவரும் வழக்கு ஆவணங்களைக் கையில் எடுக்கவில்லை. விசாரணையன்று காலையில் எழுந்து நின்றவர் பக்கத்து மாநிலமான டென்னசியிலிருந்து வந்தவர், வீடு நில வழக்குகள் பார்ப்பவர். தயாராக வரவில்லை, அலபாமா நடைமுறையும் தெரியாது என்று அவரே சொன்னார். துணைக்கு வயதான உள்ளூர் வக்கீல் ஒருவர். பையன்களிடம் உட்கார்ந்து பேசவோ சாட்சி தேடவோ அவகாசம் தரப்படவில்லை. ஆவணங்களைப் பார்த்தால் எல்லாம் முறைப்படி நடந்தது போலவே இருக்கும். 1932-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்ததற்குக் காரணம் இதுதான்: மரண தண்டனை வழக்கில் பயனுள்ள சட்ட உதவி மறுக்கப்பட்டிருந்தது.

மறு விசாரணையில் பையன்கள் சார்பில் சாமுவேல் லீபோவிட்ஸ் என்ற வக்கீல் வாதாடினார். புகார் சொன்ன பெண்களில் ஒருவரே கூண்டில் ஏறி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) அப்போதும் மரண தண்டனையே விதித்தது. அதை ரத்து செய்த நீதிபதி ஹார்ட்டன் அடுத்த தேர்தலில் பதவியை இழந்தார். வேறு நீதிபதி முன் நடந்த அடுத்த விசாரணையிலும் மரண தண்டனையே வந்தது.

ஜூரிப் பட்டியலில் கறுப்பினத்தவர் பெயரே இல்லை என்று லீபோவிட்ஸ் ஆட்சேபித்தபோது, அரசுத் தரப்பு சில பெயர்களைக் காட்டியது. அவை பின்னால் செருகப்பட்டவை என்று கையெழுத்து நிபுணரை வைத்து நிரூபித்தார். 1935-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அந்த ஏட்டை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். தண்டனை மறுபடியும் ரத்தானது. ஆனாலும் ஒன்பது பேரும் சிறையில் கழித்த வருடங்களை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. மூவருக்கு 2013-இல், இறந்த பிறகுதான் மன்னிப்பு கிடைத்தது.

இது பழைய கதையும் அல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரே மனிதர்மீது ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணை நடத்தினார். ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களில் சிலரை வேண்டாமென்று நீக்க வழக்கறிஞருக்கு அங்கே உரிமை உண்டு. அப்படி நீக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை அவர் நீக்கினார். கடைசி விசாரணையில், நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் 145 கேள்விகள். ஜூரியில் அமர்ந்த 11 வெள்ளையரிடம் மொத்தமே 12. பதிவேட்டில் இருந்த இந்த எண்கள்தான் 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அசைத்தன. எதிராளியின் உள்நோக்கத்தை நிரூபிக்கத் திணறும் எந்த வழக்கறிஞரும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இப்போது ஜூரி முறை இல்லை. ஆனால் பெயருக்கு நியமிக்கப்படும் வக்கீல் என்ற சிக்கல் இங்கும் உண்டு. மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டு, சுமார் இரண்டே வாரத்தில் விசாரணை முடிந்து மரண தண்டனையும் வந்தது. 2019 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராவதற்குக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றும் சொன்னது.

கைதானவருக்கு வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். வக்கீல் கிடைத்த பிறகு, அவர் சிறைக்குப் போய் ஆளைப் பார்த்தாரா, வழக்கு ஆவணங்களின் நகல் வாங்கினாரா என்று விசாரியுங்கள். அவகாசம் தேவைப்பட்டால் வாய்மொழியாகக் கேட்டதோடு விடாமல், மனுவாகத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். மறுக்கப்பட்டாலும் அந்த மனுவும் உத்தரவும் வழக்கு ஆவணங்களில் இருக்கும். மேல்முறையீட்டுக்கு வரும் வக்கீல் முதலில் தேடுவது அவற்றைத்தான்.