குஞ்சுக்கு முதல் தண்ணீர்

பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் அடைத்து, தீவனமோ தண்ணீரோ வைக்காமல் வெளியூருக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறந்தால் கீச்சுகீச்சென்று ஒரே சத்தம். இந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது? மிச்சமிருந்த மஞ்சள் கருவைப் பொரிவதற்குச் சற்று முன்பு, அடையின் 19, 20ஆம் நாள் வாக்கில், குஞ்சு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர், மற்றதில் நிறையக் கொழுப்பு. உடலுக்குள் 1 கிராம் கொழுப்பு எரிந்தால் 1 கிராமுக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் கிடைக்கும்.

இதை வைத்துத்தான் “மூணு நாளைக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்கிறார்கள். மூன்று நாள் உயிரோடு இருக்கலாம் என்பது சரி. நன்றாக இருக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அடையில் இருக்கும் 21 நாளில் ஓட்டின் நுண்துளைகள் வழியாக முட்டை தன் எடையில் சுமார் 12 சதவீதத்தை நீராவியாக இழக்கிறது. குஞ்சு முதல் மூச்சு விடும் காற்றறை உருவாக அந்த இழப்பு தேவை. ஆனால் வெளியே வந்த பிறகும் இழப்பு நிற்பதில்லை. மூச்சிலும் தோல் வழியாகவும் நீர் போய்க்கொண்டே இருக்கும். சீக்கிரம் பொரிந்த குஞ்சு, கடைசிக் குஞ்சு பொரியும்வரை இன்குபேட்டர் சூட்டிலேயே காத்திருக்கிறது. அதற்கப்புறம்தான் பயணம்.

தண்ணீர் குறைந்தால் முதலில் அடி வாங்குவது சிறுநீரகம். பறவைகள் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றும். எச்சத்தில் தெரியும் வெள்ளை அதுதான். இதற்குக் கொஞ்சம் நீரே போதும், அந்தக் கொஞ்சமும் இல்லையென்றால் யூரிக் அமில உப்பு உள்ளேயே தங்கிவிடும். அப்படிச் செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். உயிரோடு இருக்கும்போதே கால் தோல் வற்றி நரம்பு எடுப்பாகத் தெரிவது ஓர் அடையாளம்.

அதனால்தான் பல பண்ணைகளில் முதலில் தண்ணீர், அப்புறம் தீவனம். வெல்லமோ குளுக்கோஸோ கலப்பதும் உண்டு. முதல் சில மணி நேரத்துக்கு அது சரி. நாள் முழுக்க விட்டால் அந்தத் தண்ணீர் புளித்துவிடும்.

தண்ணீர் என்றால் என்னவென்று குஞ்சுக்குப் பார்த்ததும் தெரியாது. பளபளப்பதைக் கொத்தும், அலகு நனையும், பிறகு பிடித்துக்கொள்ளும். கோழியால் புறாவைப்போல உறிஞ்சிக் குடிக்க முடியாது. அலகில் அள்ளித் தலையைத் தூக்கினால் தண்ணீர் தன் எடையால் தொண்டைக்குள் இறங்கும். புது வரவில் சில குஞ்சுகளின் அலகைத் தண்ணீரில் தொட்டு எடுத்தால் போதும், மற்றவை அவற்றைப் பார்த்துக் குடிக்கத் தொடங்கும்.

இப்போது குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும் டிரிங்கருக்கு வருவோம். பிளாஸ்டிக் குடுவையில் தண்ணீர் நிரப்பி, தட்டை மேலே பூட்டிக் கவிழ்த்து வைக்கிறோம். குடுவையின் வாயோரத்தில், தட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக ஒரு துளை இருக்கும். தண்ணீர் தட்டில் இறங்கி அந்தத் துளையை மூடியதும் உள்ளே காற்று போக வழியில்லை. குடுவைக்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தட்டுத் தண்ணீரை அழுத்தி மிச்சத்தை மேலேயே நிறுத்தி வைக்கிறது. காற்றழுத்தத்தால் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரையே தாங்க முடியும், ஒரு சாண் குடுவையெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. குஞ்சு குடித்து மட்டம் இறங்கினால் துளை திறக்கும், ஒரு குமிழி மேலே போகும், அதற்கு ஈடான தண்ணீர் கீழே வரும்.

இத்தனை அழகான சாதனத்தைப் பலரும் நேராக, குஞ்சுகளுக்குச் சூடு தரும் பல்புக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். குடுவைக்குள் இருக்கும் காற்று சூடானால் விரியும். பாதி காலியான 3 லிட்டர் டிரிங்கர் 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் 75 மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் வெளியே தள்ளப்படும். தட்டு வழிந்து, தரையில் பரப்பிய உமி நனையும். ஈர உமியில் அமோனியா கிளம்பும், ரத்தக்கழிச்சல் கிருமியும் அங்கேதான் வீரியம் பெறும். டிரிங்கரின் இடம் வெப்ப வட்டத்தின் ஓரம். குஞ்சு குளிராமல் வந்து குடிக்கலாம், தண்ணீரும் கொதிக்காது. அதற்காகக் குளிர்ந்த தண்ணீரும் கூடாது. 40 கிராம் உடம்பு சட்டென்று சூட்டை இழந்துவிடும்.

ஆழமான தட்டென்றால் கூழாங்கல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கும். எல்லாம் சரியாக நடந்ததா என்று அறிய, மறுநாள் காலை நாலைந்து குஞ்சுகளைக் கையில் எடுத்துக் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தடவிப் பார்க்கலாம். பிசைந்த மாவுபோல மெத்தென்று இருந்தால் தின்று குடித்திருக்கிறது. கரடுமுரடாகக் குருணை கைக்குத் தட்டுப்பட்டால் தின்றிருக்கிறது, தண்ணீரைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் குஞ்சின் அலகை இன்னொரு முறை தண்ணீரில் தொட்டு எடுக்க வேண்டும்.