நாலு செட் சீருடை அரசே தருகிறது: வேலூர்ப் பெற்றோர் கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

மே மாதம் பிறந்தாலே லாங்கு பஜார் ஜவுளிக் கடைகளில் யூனிஃபார்ம் துணி முன்வரிசைக்கு வந்துவிடும். அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் வீடுகளிலும் பலர் ரெண்டு செட், மூணு செட் என்று எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அந்தப் பணத்தைக் கண்டிப்பாக மிச்சம் பிடிக்க முடியும். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, சத்துணவுத் திட்டத்தில் பெயர் உள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு வருடத்துக்கு நான்கு செட் சீருடை தைத்தே கொடுக்கிறது. ஒரு பைசா கட்ட வேண்டாம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி இரண்டுக்கும் இது பொருந்தும்.

1985-ல் ஆரம்பித்தபோது வருடத்துக்கு ஒரு செட்தான். 2012-13 கல்வியாண்டிலிருந்து அது நான்கானது. துணியைக் கைத்தறி, விசைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் நெய்கின்றன. தைப்பது மகளிர் தையல் தொழில் கூட்டுறவு சங்கங்கள். இதை நடத்துவது பள்ளிக்கல்வித் துறை அல்ல, சமூக நலத் துறை. இது தெரியாமல்தான் பலர் தவறான அலுவலகத்தில் போய் நிற்கிறார்கள்.

சத்துணவுப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா?

இந்தத் திட்டத்தில் பிள்ளைகள் விடுபடுவதற்கு முக்கியமான காரணம் ஒன்றுதான். சீருடை சத்துணவோடு சேர்ந்த உரிமை. பள்ளியில் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது, சத்துணவுப் பயனாளிகள் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். "எங்க பிள்ளை வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடும், சத்துணவு வேணாம்" என்று சேர்க்கையின்போதே சொல்லிவிட்டால், சீருடைக் கணக்கிலும் பிள்ளை வராது. சொன்னவருக்கு அது தெரியாது. மற்ற பிள்ளைகளுக்குச் சீருடை கொடுக்கும்போதுதான் தெரியவரும். சத்துணவுக்குப் பெயர் கொடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முட்டையோடு சூடாகக் கிடைக்கும் சாப்பாடு அது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வேறு, மதியச் சத்துணவு வேறு. காலை டிபன் பட்டியலில் பெயர் இருப்பதால் சீருடைப் பட்டியலிலும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தலைமை ஆசிரியரிடமோ சத்துணவு அமைப்பாளரிடமோ "மதியச் சத்துணவுப் பதிவேட்டில் எங்க பிள்ளை பேரு இருக்கா?" என்று நேராகவே கேளுங்கள்.

உதவி பெறும் பள்ளியில் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப் பலகையின் கீழ், அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். சுயநிதிப் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு இந்தச் சீருடை கிடையாது. கட்டணம் கட்டி ரசீது வாங்கும் முன் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் துணி வெட்டுகிறார்கள். ஆகவே சேர்க்கையைத் தள்ளிப் போடாதீர்கள். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. வேறு ஊரிலிருந்து மாறி வருகிறவர்கள், பழைய பள்ளியில் டி.சி. வாங்கும் அன்றே எமிஸ் என்ற மாணவர் இணையப் பதிவேட்டில் உள்ள பதிவையும் விடுவிக்கச் சொல்லுங்கள். பழைய பள்ளிக் கணக்கிலேயே பெயர் தொங்கிக்கொண்டிருந்தால் புதுப் பள்ளியில் தலையெண்ணிக்கையில் சேராது.

அளவெடுக்கும் நாள்

பட்டியலில் பெயர் இருந்தும் போட முடியாத சட்டை வருவது அளவுத் தவறால். பள்ளிக்கு வந்து அளவெடுக்கும் நாளில் பிள்ளை விடுப்பில் இருந்தால், வகுப்பை வைத்து உத்தேச அளவு போய்விடும். மூன்றாம் வகுப்பிலேயே தலைக்குத் தலை உயரம் வித்தியாசப்படும்போது உத்தேச அளவு எப்படிப் பொருந்தும்? எந்த நாளில் அளவெடுக்கிறார்கள் என்று முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் கேட்டு வையுங்கள். அன்றைக்குப் பிள்ளை சாப்பிட்டுவிட்டு, மெல்லிய சட்டையோடு போகட்டும். வயிற்றை எக்கிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். எக்கி நின்ற அளவில் தைத்த டவுசர், உட்கார்ந்தவுடனே கொக்கியைப் பிய்க்கும்.

ஐந்து வயதுக்கு மேல், பருவ வயது தொடங்கும் வரை, பிள்ளைகள் வருடத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அதில் பாதிக்குக் குறையாமல் காலில்தான். ஆகவே பேன்ட் நீளம் ஒரு வருடத்தில் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் குறைந்து போகும். சட்டை நீளம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. இதற்குத் தக்கபடி சட்டை நீளத்தில் 2 அங்குலம், மார்புச் சுற்றில் 4 முதல் 5 அங்குலம் தாராளம் இருந்தால் போதும். தோளில் மட்டும் அரை அங்குலத்துக்கு மேல் கூட்டக் கூடாது. நீளத்தையும் பக்கத்தையும் பிறகு பிடிக்கலாம், விடலாம். தோள் இறங்கிவிட்டால் கையைப் பிரித்து, அக்குளைப் பிரித்து, காலர் வரை வேலை இழுக்கும். "வளர்ற பிள்ளைதானே" என்று ரெண்டு அளவு பெரிதாக எடுத்த சட்டை, பிள்ளைக்குச் சரியாகும் முன்பே அக்குளில் கிழிந்துவிடும்.

கடையில் எவ்வளவு எடுப்பது

நான்கு செட்டும் ஜூன் முதல் நாளே கைக்கு வராது. முதல் செட் பள்ளி திறப்பையொட்டி வரும். மற்றவை வருடத்துக்குள் தவணை தவணையாக வரும். இடையில் சமாளிக்க ஒரே ஒரு செட் போதும், அதுவும் போன வருடத்துச் சீருடை அறவே உதவாது என்றால் மட்டும்.

முதலில் போன வருடத்து டவுசரையோ பினஃபோரையோ புரட்டிப் பாருங்கள். அடிமடிப்பைக் கட்டைவிரலால் தடவினால் உள்ளே எத்தனை விரல் துணி மடிந்திருக்கிறது என்று தெரியும். ரெண்டு விரல் இருந்தால் ஒரு வருடம் ஓட்டலாம். தையலை பிளேடால் இழுக்காமல் சின்னக் கத்தரியால் நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டி, நூலை உருவுங்கள். பழைய மடிப்புக் கோடு வெளுப்பாகத் தெரியும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து கோட்டின் மேல் வைத்து இஸ்திரி போட்டால் பாதி மறையும். மிச்சத்தை அதன் மேலேயே ஒரு வரிசைத் தையல் ஓட்டி மறைத்துவிடலாம். இடுப்பு பிடிக்கிறது என்றால் பின்பக்கம் பட்டியைப் பிரித்து எலாஸ்டிக் வைக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு இந்த வேலை செய்யாதீர்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஒரு மாதிரி, ஆறு முதல் எட்டு வரை வேறு மாதிரி. அதனால் ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் புதுசாக எதுவும் தைக்கவும் கூடாது. பழையதைக் கழுவி, அதே பிரிவில் படிக்கும் தம்பி, தங்கைக்கு எடுத்து வையுங்கள்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் அளவு கணக்கு இப்படி. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அரைக்கைச் சட்டை தைக்க, 36 அங்குல அகலத் துணியில் 1 மீட்டர் முதல் 1.25 மீட்டர் போதும். 58 அங்குல அகல பேன்ட் துணியில் அரை டவுசருக்கு அரை மீட்டர். ஆறாம் வகுப்புப் பையனின் முழு பேன்ட்டுக்கு அதே அகலத்தில் ஒரு மீட்டர், உயரமான பிள்ளை என்றால் 1.10. கடைக்காரர் "எதுக்கும் ஒண்ணேகால் வாங்கிக்குங்க" என்றால், முதலில் அகலத்தை டேப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அகலம் தெரியாமல் மீட்டர் கணக்கு பேசுவதில் அர்த்தமில்லை. காட்டன் அதிகம் கலந்த துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, காய வைத்து, பிறகுதான் தையலுக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே நீளம் குறையும். டவுசருக்கு அடிமடிப்பில் 3 அங்குலம் விடச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் குந்தி உட்காருவார்கள், முதலில் போவது பின்தையல்தான். அங்கே ரெட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். ஜூனிலும் வேலூர் வெயில் தணியாது. முழு பாலியெஸ்டர் துணி மலிவுதான், ஆனால் வேர்க்குரு வரும். காட்டன் கலந்ததே எடுங்கள்.

பள்ளியில் தரும் துணிக்கும் கடைத் துணிக்கும் நிறம் இம்மி வித்தியாசப்படலாம். அதற்காகவோ, சீருடை இன்னும் வரவில்லை என்பதற்காகவோ பிள்ளையை வெளியே நிறுத்தக் கூடாது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது.

சீருடை கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய் அன்றைக்கே போட்டுப் பாருங்கள். துவைக்கும் முன் பாருங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அக்குள் பிடிக்கிறதா, காஜாவில் பட்டன் நுழைகிறதா, ஜிப் கடைசி வரை ஏறுகிறதா, குந்தினால் பின்பக்கம் இழுக்கிறதா என்று பார்த்தால் போதும். அளவு பெரிதாகத் தவறியிருந்தால் மறுநாளே ஆசிரியரிடம் கொடுங்கள். அதே வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு அது சரியாக இருக்கும், மாற்றிக்கொள்ளலாம். துவைத்துவிட்டால் அந்த வழி போய்விடும்.

வரவே இல்லை என்றால் முதலில் தலைமை ஆசிரியர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மானத்தில் எழுதச் சொன்னால் ஒரு பிள்ளையின் பிரச்சினை பத்துப் பிள்ளைகளின் பிரச்சினையாகக் கவனிக்கப்படும். அதற்கு மேல் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதிவு செய்யலாம். மனுவில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளியின் பெயர், எமிஸ் எண், எத்தனை செட் வந்தது, எத்தனை வரவில்லை என்று மட்டும் எழுதுங்கள். நாலு வரி போதும். பழைய வட ஆற்காட்டுப் பழக்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களும் அரக்கோணம், சோளிங்கர்க்காரர்களும் இன்னமும் வேலூருக்கே மனுவோடு வருகிறார்கள். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கருக்கு ராணிப்பேட்டை. பஸ் செலவு செய்து வந்து திரும்பிப் போக வேண்டாம்.

சீருடையோடு சேர்த்து வாங்கிவிடும் மற்ற சாமான்களிலும் பாதி பள்ளியிலேயே கிடைக்கும். புத்தகப் பை, பாடநூல், நோட்டு, சின்ன வகுப்புகளுக்குக் கிரேயான், கலர் பென்சில், ஐந்தாம் வகுப்பு வரை செருப்பு, ஆறு முதல் பத்து வரை ஷூவும் சாக்ஸும் விலையில்லாமல் தருகிறார்கள். மலைப்பகுதிப் பள்ளிகளில் சத்துணவுப் பயனாளிகளுக்கு ஸ்வெட்டரும் உண்டு. அங்கன்வாடிக்குப் போகும் குழந்தைகளுக்கு வருடத்துக்கு ரெண்டு செட் வண்ணச் சீருடை. அங்கே கேட்டுவிட்டு எடுங்கள்.

எட்டு முடித்து ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போதுதான் வீட்டுக் கணக்கு தடுமாறும். இந்தத் திட்டம் எட்டோடு முடிகிறது. ஒன்பது, பத்துக்குச் சீருடை மாதிரியும் வேறு. எட்டாம் வகுப்பு தொடங்கியதிலிருந்தே மாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டம் கிடையாது.  "இந்தக் கடையில்தான் எடுக்கணும்" என்று எந்தப் பள்ளி சொன்னாலும் அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்தால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் அதையே ஆதாரமாகக் கொடுக்கலாம். கடையில் பில் வாங்க மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ரெடிமேட் உடைக்கும் காலணிக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், நோட்டு, பென்சில், ரப்பர், கிரேயானுக்கு வரியே இல்லை. பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. விலையில் வரியும் அடக்கம். அதற்கு மேல் வரி என்று கூட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டாம், 1915 நுகர்வோர் எண்ணில் சொல்லலாம்.

நான்கு செட்டும் மார்ச் வரை தாங்க வேண்டுமென்றால் துவைப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் பக்கம் பல ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் போட்டுத் தேய்ப்போம், வெள்ளைச் சட்டை மஞ்சள் பாரிக்கும். சோப்பைக் கூட்டாமல், அரை மணி நேரம் ஊற வைத்து, காலருக்கும் கைமடிப்புக்கும் மட்டும் பிரஷ் போட்டு, கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர் ஒரு வாளி ஒதுக்கினால் போதும். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப் போடுங்கள். முதல் செட் வந்த கையோடு ரெண்டாவதுக்குக் காத்திருக்கும் நாட்களில், சாயங்காலம் பிள்ளை வீட்டுக்குள் வந்ததும் அதைக் கழற்றி வேறு உடுப்பு மாற்றிவிடுங்கள். விளையாட்டில்தான் முட்டியும் பின்தையலும் போகின்றன.