மனச்சோர்வுக்கான மாத்திரை: எப்போது தொடங்குவது, எப்படி நிறுத்துவது?

என் வெளிநோயாளர் பிரிவுக்கு மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே நான்கைந்து மருத்துவர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். நெஞ்சு படபடக்கிறது என்று இதய மருத்துவரிடமும், பசியில்லை, வயிறு எரிகிறது என்று பொது மருத்துவரிடமும், தலை பாரமாக இருக்கிறது என்று நரம்பியல் மருத்துவரிடமும் போய், ஈசிஜி, எக்கோ, ஸ்கேன் என்று ஒரு துணிப்பை நிறைய அறிக்கைகளோடு வந்து உட்கார்ந்து, "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா எனக்குச் சரியாகல" என்பார்கள். பேசி முடித்து, மருந்து தேவைப்படலாம் என்று நான் சொன்னவுடன் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் இவைதான்: "மாத்திரை இல்லாம சரிபண்ண முடியாதா டாக்டர்?", "இதுக்கு அடிமையாயிடுவேனா?", "வாழ்நாள் முழுக்கச் சாப்பிடணுமா?" மூன்றும் நியாயமான கேள்விகள். நெரிசலான ஓபியில் இவற்றுக்கு அரைகுறையாகப் பதில் பெற்றுப் போகிறவர்களே பாதியில் மருந்தை விட்டுவிட்டு, முன்பைவிட மோசமான நிலையில் திரும்பி வருகிறார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாத்திரை வேண்டுமா, வாழ்க்கை முறையை மாற்றினால் போதுமா என்பதை நோயின் தீவிரமே பெருமளவுக்கு முடிவு செய்கிறது. கடந்த இரண்டு வாரங்களை வைத்துக் கேட்கப்படும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 என்ற படிவத்தை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். மொத்த மதிப்பெண் 27. ஐந்திலிருந்து ஒன்பது வரை லேசான சோர்வு, பத்தைத் தொட்டால் மிதமானது, இருபதும் அதற்கு மேலும் என்றால் கடுமையானது. ஆர்வமின்மை, தூக்கம், களைப்பு, பசி, குற்ற உணர்வு, கவனம் என்று போகும் அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. மொத்த மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு முன்பே நான் அந்தப் பதிலைப் பார்த்துவிடுவேன். படிவத்தோடு சேர்த்து, காலையில் எழுந்து பல் துலக்கிக் குளித்து முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்றும் கேட்பது என் வழக்கம். முன்பு இருபது நிமிடத்தில் முடிந்த வேலைக்கு இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது, சில நாள் குளிக்காமலே இருந்துவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் நடைப்பயிற்சி பற்றிப் பேசுவதற்கு இது நேரமல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

சீட்டு எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. தைராய்டு குறைவாகச் சுரந்தால் அது மனச்சோர்வைப் போலவே தோன்றும். மிகையாகச் சுரந்தால் பதற்றத்தைப் போலத் தோன்றும். இரத்தசோகையும் வைட்டமின் பி12 குறைபாடும் அப்படித்தான். இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: தூக்கமே தேவைப்படாமல், வழக்கத்துக்கு மீறிய உற்சாகத்தோடு ஓயாமல் பேசி, கண்டபடி செலவு செய்த நாட்கள் எப்போதாவது இருந்தனவா? இருந்தன என்றால் அது இருதுருவக் கோளாறாக இருக்கலாம். அத்தகையவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியே கொடுத்தால் அவர் எதிர்த் துருவமான மிகை உற்சாகத்துக்குத் தள்ளப்படும் ஆபத்து உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை நாமும் வாங்கிப் போட்டுப் பார்க்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

லேசான நிலையிலும், மிதமான நிலையின் தொடக்கத்திலும் மருந்தில்லாமல் முயன்று பார்ப்பது முறையான சிகிச்சைதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதைக் கடந்த 156 மனச்சோர்வு நோயாளிகளை வைத்து நடந்து, 1999-இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள் மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்தவர்கள் பதினாறு வாரங்களின் முடிவில் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகத் தேறியிருந்தார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்குப் பலன் கொஞ்சம் சீக்கிரம் தெரிந்தது; அவ்வளவுதான் வேறுபாடு. நம் நாட்டிலேயே கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரோ உளவியலாளரோ அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தியதில் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களும் பயன் பெற்றதை மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினரின் ஆய்வு காட்டியது. அந்த முறையின் சாரம் எளிமையானது. மனம் சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்திருந்த சிறிய செயல் ஒன்றை நாள், நேரம் குறித்து மீண்டும் தொடங்குவது. செய்த பிறகு மனம் எப்படி இருந்தது என்று குறித்துவைப்பது. அடுத்த வாரம் இன்னொன்றைச் சேர்ப்பது.

ஆனால், "வாக்கிங் போ, யோகா செய், மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்ற அறிவுரை படுக்கையைவிட்டு எழவே முடியாதவருக்குச் சொல்லப்படும்போது அது கொடுமையாகிவிடுகிறது. எழ முடியாமல் இருப்பதே அந்த நோய். தன்னால் முடியவில்லை என்று ஏற்கெனவே தன்னை நொந்துகொண்டிருப்பவர், இப்போது நடக்கப் போகவும் முடியவில்லையே என்று இன்னொரு குற்ற உணர்வையும் சுமக்கத் தொடங்குகிறார். இந்த நிலையில் முதலில் மருந்து, ஓரளவு தெம்பு வந்ததும் நடை என்பதே சரியான வரிசை.

தையற்கடை நடத்திவரும் ஒரு பெண்மணியின் அனுபவத்தை, அவரை அடையாளம் காண முடியாதபடி மாற்றி, இங்கே சொல்கிறேன். ஒரே ரவிக்கைத் துணியை மூன்று முறை அளந்த பிறகும் வெட்டுவதற்குப் பயந்து கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடும் நிலையில் வந்தார். செர்ட்ராலினைக் குறைந்த அளவில் தொடங்கினோம். முதல் வாரத்தில் குமட்டலும் லேசான படபடப்பும் வரும், பெரும்பாலும் பத்து நாட்களில் அடங்கிவிடும், பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரங்கள் ஆகும், முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரங்கள்கூட ஆகலாம் என்று அவரையும் கணவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னேன். இதை வீட்டிலுள்ளவரிடமும் சேர்த்துச் சொல்லாவிட்டால், ஐந்தாவது நாளில் "இந்த மாத்திரைதான் உன்னைக் கெடுக்குது" என்று அவரே நிறுத்திவிடுவார். நான்காவது வாரம் வந்தபோது அந்தப் பெண்மணி தனக்கு ஒன்றும் பெரிதாக மாறவில்லை என்றுதான் சொன்னார். கணவர் சிரித்துக்கொண்டே, "ஈரத்துண்டைக் கட்டில்மேல போட்டதுக்குப் பையனைத் திட்ட ஆரம்பிச்சுட்டா டாக்டர், மூணு மாசமா அவளுக்கு எதுவுமே கண்ல படல" என்றார். தேறி வருவது பெரும்பாலும் நோயாளிக்கு முன் வீட்டாருக்குத்தான் தெரியவரும்.

மூன்றாவது மாதத்தில் அவர் தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். கடையில் கூட்டம், தூக்கம் வருகிறது, பசிக்கிறது, நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இனி மாத்திரை என்பது அவர் எண்ணம். சில வாரங்களில் மறுபடியும் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நிலைக்கு வந்துவிட்டார். இது அவருடைய அலட்சியம் அல்ல. மனச்சோர்வுச் சிகிச்சையில் அடிக்கடி நடப்பது. அறிகுறி அடங்குவது வேறு, நோய் திரும்பி வரும் ஆபத்துக் காலம் கடப்பது வேறு. முதல் முறை மனச்சோர்வு வந்தவர்கள், முழுமையாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறிலிருந்து ஒன்பது மாதங்கள் அதே அளவில் மருந்தைத் தொடர வேண்டும். முன்பே ஓரிரு முறை வந்து போனவர்களுக்கு இது இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ நீளலாம். பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படுவதில்லை. முதலில் கொடுத்த மருந்திலேயே எல்லாரும் முழுமையாகத் தேறிவிடுவதும் இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே அது நடக்கிறது. மற்றவர்களுக்கு அளவைக் கூட்டுவது, மருந்தை மாற்றுவது, பேச்சு வழிச் சிகிச்சையைச் சேர்ப்பது என்று அடுத்த படிகள் இருக்கின்றன.

அடிமையாதல் பற்றிய பயத்துக்கு வருகிறேன். செர்ட்ராலின், எசிட்டலோபிராம், ஃப்ளுவாக்சடின் போன்ற மாத்திரைகள் போதை தருவதில்லை. நாளாக நாளாக அளவைக் கூட்டிக் கேட்கும் வேட்கையையும் உண்டாக்குவதில்லை. அந்தப் பயம் நியாயமாக எழ வேண்டிய இடம் வேறு. அல்பிரசோலாம், குளோனசெபாம் போன்ற பதற்ற மாத்திரைகள் அரை மணி, ஒரு மணி நேரத்தில் படபடப்பை அடக்கிவிடும். அந்த வேகமே அவற்றின் ஆபத்து. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே உடல் அவற்றுக்குப் பழகிவிடுவதால், இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு மேல் தொடராமல் இருப்பதே நல்லது. நான் பார்க்கும் வேதனையான முரண் இது: எசிட்டலோபிராமுக்குப் பயந்து மறுக்கிறவர், பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பழைய சீட்டைக் காட்டி இரவுதோறும் அல்பிரசோலாம் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார். அது எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. மருத்துவரின் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் விற்கக் கூடாது, சீட்டுக்கு விற்றாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். முதியவர்களுக்கு அதனால் ஞாபக மறதியும், தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் நேர்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். பல மாதம் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரைகளுக்கும் பக்கவிளைவுகள் உண்டு. அவற்றை மறைப்பது நம்பிக்கையைக் கெடுக்கும். தாம்பத்திய ஆர்வமும் திறனும் குறைவது மிகப் பரவலானது, ஆனால் நாமாகக் கேட்காவிட்டால் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம் ஏற்படலாம். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு அபாயம் கொஞ்சம் கூடுகிறது. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், அவர்களைத் தனியே விடாமல் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது அவசியம். இன்னொன்று: "மூளையில் செரடோனின் என்ற ரசாயனம் குறைந்துவிட்டது, அதை இந்த மாத்திரை நிரப்புகிறது" என்ற விளக்கத்தை நான் நோயாளிகளிடம் சொல்வதில்லை. செரடோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று 2022-இல் வெளியான ஒரு விரிவான தொகுப்பாய்வும் காட்டியது. மருந்து பலருக்குப் பலனளிப்பது சோதனைகளில் தெரிந்த உண்மை. அது வேலை செய்யும் விதம் ஒற்றை ரசாயனத்தின் கணக்கைவிடச் சிக்கலானது.

மருந்து தேவைப்படும் நிலையில் இருப்பவர்களுக்கு, அது ஓரளவு வேலை செய்யத் தொடங்கிய பிறகே பழக்க மாற்றங்கள் முழுமையாகப் பயன் தருகின்றன. இவற்றில் நான் முதலிடம் கொடுப்பது விழிக்கும் நேரத்துக்கு. இரவு எத்தனை மணிக்குத் தூக்கம் வந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, எழுந்தவுடன் வெளிச்சத்தில் சிறிது நேரம் நிற்பது, பகல் தூக்கத்தைக் குறைப்பது. பதற்றம் உள்ளவர்கள் பிற்பகலுக்குப் பின் காபி, டீயைத் தவிர்ப்பது நல்லது. அருந்திய காஃபினில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகிறது. குடியைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும்: தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்பவரின் தூக்கத்தை அந்தக் குடியே பின்னிரவில் கலைக்கிறது, மறுநாள் பதற்றத்தையும் கூட்டுகிறது, மருந்தின் பலனையும் கெடுக்கிறது. யோகாவும் மூச்சுப் பயிற்சியும் பதற்றத்துக்கு உதவுகின்றன. அவற்றை மருந்தோடு சேர்த்தே செய்யலாம்.

செலவுக்குப் பயந்தோ, ஊர் பேசும் என்று பயந்தோ வராமலே இருப்பவர்கள்தான் அதிகம். 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தது தெரியவந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநலப் பிரிவு இயங்குகிறது, மருந்துகள் இலவசம். தற்கொலை எண்ணம் வருகிறவர்களும் அவர்களைப் பார்த்துப் பதறுகிற வீட்டாரும் எந்த நேரத்திலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்கு அழைத்துவரத் தயங்க வேண்டாம்.

கடைசியாக, நிறுத்தும் முறை. தேர்வு, வீட்டுக் கல்யாணம், பிரசவம், வேலை மாற்றம் என்று நெருக்கடி வரவிருக்கும் மாதங்களில் தொடங்காமல், அமைதியான காலத்தைத் தேர்ந்துகொண்டு, சில வாரங்களில் தொடங்கிச் சில மாதங்கள் வரை படிப்படியாகக் குறைக்கிறோம். கடைசிச் சிறு அளவை விடுவதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற அதிர்வு எல்லாம் வரலாம். இவை மருந்தைக் குறைத்த சில நாட்களிலேயே தோன்றும். நோய் திரும்புவதோ வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் தெரியவரும். ஒவ்வொருவருக்கும் நோய் திரும்பும்போது முதலில் தலைகாட்டும் அறிகுறி ஒன்று உண்டு. ஒருவருக்கு அதிகாலை மூன்று மணி விழிப்பு, இன்னொருவருக்கு போன் மணியடித்தாலும் எடுக்காமல் விடுவது, அந்தத் தையற்கடைக்காரருக்கு ஒரே துணியைத் திரும்பத் திரும்ப அளப்பது. அது இரண்டு வாரம் நீடித்தால், கொடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். முன்பு எந்த மருந்து, எந்த அளவில் பலன் தந்ததோ அதையே மீண்டும் தொடங்குவது வழக்கம் என்பதால், பழைய சீட்டுகளை எறிந்துவிடாமல் எடுத்து வாருங்கள்.