ஆர்க்கைவ்னா காப்பகமா, பரணா?

மெயில்பாக்ஸ் ரொம்பிடுச்சுன்னு வார்னிங் வந்துச்சு, சரின்னு ராத்திரி உக்காந்து ரெண்டாயிரம் பழைய மெயிலை செலக்ட் பண்ணி ஆர்க்கைவ் பட்டனை அமுக்கினேன், இன்பாக்ஸ் தொடச்சு வச்ச மாதிரி ஆயிடுச்சு, ஆனா வார்னிங் மட்டும் போகவே இல்ல, ஒரு எம்பி கூட குறையல. அப்பதான் இந்த வார்த்தைக்கு உண்மையில என்ன அர்த்தம்னு தேட ஆரம்பிச்சேன்.

வேர் கிரேக்கத்துல இருக்கு. ஆர்க்கேன்னா தொடக்கம், ஆட்சின்னு ரெண்டு பொருள். ஆட்சி பண்றவங்களோட இருப்பிடம், அலுவலகம் ஆர்க்கெய்யோன். ஊர்ப் பத்திரம் எல்லாம் அங்கதான் இருக்கும், அதனால இடத்தோட பேரே பத்திரக் குவியலுக்கும் ஒட்டிக்கிச்சு. லத்தீன், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்துச்சு. மோனார்க்கி, ஆர்க்கியாலஜி எல்லாம் இதுக்குப் பங்காளிங்க. ஆக முதல்ல இது ஒரு இடத்தோட பேரு, 'ஆர்க்கைவ் பண்ணு'ங்கற வினை எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது.

தமிழ்ல இதுக்கு ஆவணக் காப்பகம்னு நல்ல சொல் இருக்கு. ஆவணம்னா பழந்தமிழ்ல கடைத்தெருன்னும் ஒரு பொருள் உண்டு, எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரம்ங்கற பொருளும் ரொம்பப் பழசுதான். பெரியபுராணத்துல சுந்தரர் கல்யாணத்துல ஒரு கிழவர் வந்து நீ எனக்கு அடிமைன்னு ஓலையைக் காட்டுவாரு, இவர் பிடுங்கிக் கிழிச்சுப் போட்டுடுவாரு, கிழவர் அசரவே மாட்டாரு, நீ கிழிச்சது படி ஓலை, அதாவது காப்பி, உன் பாட்டனார் எழுதிக் குடுத்த மூல ஓலை எங்கிட்ட இருக்குன்னு சபையில எடுத்து வைப்பாரு. சபைக்காரங்க சும்மா நம்பிடல, பாதுகாப்பா வச்சிருந்த பாட்டனாரோட வேற ஒரு கையெழுத்தைக் கொண்டு வரச் சொல்லி ஒத்துப் பாத்துட்டுதான் தீர்ப்பு சொல்றாங்க. பேக்கப் வேற, ஒரிஜினல் வேற, காப்பகம் வேறன்னு 12-ம் நூற்றாண்டுக் கதையிலயே எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க, நாமதான் இன்னிக்கு மூணையும் போட்டுக் குழப்பிக்கறோம்.

இலங்கைத் தமிழ் ஆவணங்களை டிஜிட்டலாச் சேத்து வைக்கற 'நூலக நிறுவனம்' இன்னும் சுருக்கி ஆவணகம்னே பேரு வச்சிருக்காங்க, அதுவும் எனக்குப் பிடிக்கும். சிக்கல் வினையிலதான். 'காப்பகப்படுத்து'ன்னு பட்டன்ல போட்டா முதியோர் காப்பகத்துக்கு ஆள் அனுப்பற மாதிரி இருக்கு. அதை விடுங்க, அந்தச் சொல் அங்க பொய்யும் சொல்லுது.

ஏன்னா மெயில்ல ஆர்க்கைவ்ங்கற ஒரே பேருல ரெண்டு வேலை நடக்குது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி ஜிமெயில் 1 ஜிபி இடத்தோட வந்தப்ப மத்த இலவச மெயில் எல்லாம் 2 எம்பி, 4 எம்பின்னு குடுத்துட்டு இருந்தாங்க, அதனால இனிமே எதையும் அழிக்காதீங்க, ஓரமா வச்சுட்டு வேணுங்கறப்ப தேடிக்கோங்கன்னு ஒரு புது பழக்கத்தையே கொண்டு வந்தாங்க. அந்த ஆர்க்கைவ் பட்டன் மெயிலை எங்கயும் கொண்டு போறதில்ல, இன்பாக்ஸ்ங்கற லேபிளை மட்டும் உரிச்சு எடுக்குது, மெயில் 'ஆல் மெயில்'ங்கற மொத்தப் பட்டியல்லயே கிடக்கும், இடமும் அப்படியே பிடிக்கும். இடம் மிச்சம் பண்ண வந்த பட்டனே இல்ல அது!

மைக்ரோசாஃப்டோட மெயில் ஆப் அவுட்லுக்ல இருக்கற பழைய ஆட்டோ ஆர்க்கைவ் நேரெதிர். குறிப்பிட்ட மாசத்துக்கு மேல பழசான மெயிலை மெயில்பாக்ஸ்லேர்ந்து கழட்டி நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு பிஎஸ்டி ஃபைல்ல போட்டுடும், மெயில்பாக்ஸ் நெஜமாவே இளைக்கும். ஆனா அதுக்கப்புறம் அந்த மெயிலுக்கு அந்த ஃபைல்தான் கதி, டிஸ்க் போச்சுன்னா கிழவர் கையில மூல ஓலையே இல்லாத கதைதான், அதனால அதுக்கு ஒரு காப்பி எடுத்தே ஆகணும். 2002 வெர்ஷன் வரைக்கும் அந்த ஃபைல் 2 ஜிபி தாண்டக் கூடாதுன்னு வேற இருந்துச்சு, தாண்டினா ஃபைலே கெட்டுப் போற அபாயம் உண்டு. கூத்து என்னன்னா, அதே அவுட்லுக்ல பிற்பாடு வந்த ஆர்க்கைவ் பட்டன் மெயிலை அதே மெயில்பாக்ஸுக்குள்ள இன்னொரு ஃபோல்டருக்குத்தான் தள்ளுது. தண்டர்பேர்ட்ங்கற இன்னொரு மெயில் ஆப்ல 'ஏ' அமுக்கினா வருஷ வாரியா ஃபோல்டர் போட்டு அடுக்கும், அடுக்கு அழகா இருக்கும், இடக் கணக்கு பெருசா மாறாது.

அதனால என் கட்சி இதுதான். மெயில் வெளிய போய் தனியா ஒரு இடத்துல பத்திரமாச்சுன்னா அதைக் காப்பகம்னு சொல்லுங்க, 'காப்பகத்துல சேர்'னு வினை வைங்க, பொருந்தும். இன்பாக்ஸ்ல கண்ணுக்குத் தெரியாம மட்டும் ஆக்கற பட்டனுக்கு நம்மகிட்ட பரண் இருக்கே? அரங்கேற்று மாதிரி பரணேற்று. பரண்ல போட்டது வீட்டுக்குள்ளதான் இருக்கும், வீடு ஒரு அடி கூடப் பெருசாகாது, வேணும்னா ஏறி எடுத்துக்கலாம். இடம் வேணும்னா தூக்கித்தான் போடணும், அதுவும் குப்பைத் தொட்டியைக் காலி பண்ற வரைக்கும், இல்ல ஜிமெயில்ல 30 நாள் ஆகி அதுவே அழியற வரைக்கும், கணக்குல இருந்துட்டேதான் இருக்கும்.

ஒரே ஒரு இடத்துல இந்த உவமை இடிக்குது. பழைய மெயில் இழைக்கு (த்ரெட்) யாராவது பதில் போட்டா ஜிமெயில்ல மொத்த இழையும் தானா இன்பாக்ஸுக்கு இறங்கி வந்துடும், ம்யூட் பண்ணி வச்சா மட்டும்தான் மேலயே கிடக்கும். பரண்ல ஏத்தின அண்டா யாரோ கூப்பிட்டாங்கன்னு தானா இறங்கி நடுக்கூடத்துல வந்து உக்காந்து நான் பாத்ததில்ல.